வழிகாட்டிக் கயிறு: தண்ணீருக்கடியில் போடுவதும் பத்திரமாகத் திரும்ப எடுப்பதும்

கயிறு சுற்றிய ரீல் ஒன்று கையில் இருந்தால் போதும், மூழ்கிய கப்பலுக்குள்ளோ குகைக்குள்ளோ கொஞ்ச தூரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று புதிதாக ஸ்கூபா டைவிங் கற்றவர்கள் பலர் நம்புகிறார்கள். வேறு சிலர் இதற்கு நேர் எதிர்: கயிறு போட்டால்தான் சிக்கல், கண்ணாடி மாதிரித் தெரியும் தண்ணீரில் அது எதற்கு என்று கேட்பார்கள். இரண்டு எண்ணமும் உயிரைப் பறிக்கக்கூடியவை. கயிறு எதற்கு, எப்படிப் போடுவது, எப்படி எடுப்பது, எப்போது எடுக்காமலே விட்டு வருவது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் குகைக்குள் போகக் கூடாது. சாதாரண ஓப்பன் வாட்டர் சான்றிதழ், மேலே ஏறினால் நேராகத் தண்ணீர்ப் பரப்புக்கு வந்துவிடக்கூடிய இடங்களுக்கு மட்டும்தான். அப்படி ஏறி வர முடியாமல் தலைக்கு மேல் அடைப்பு உள்ள குகை, கப்பலின் உள்ளறை, பனிப்பாளத்தின் அடிப்பகுதி ஆகியவற்றை இந்தக் கட்டுரையில் மூடிய இடம் என்று சொல்வோம். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு, அதைப் பயிற்றுநருடன்தான் கற்க வேண்டும்.

கயிறு என்ன வேலை செய்கிறது

பழக்கமில்லாத கட்டடத்தில் இரவில் மாடிப்படி இறங்கும்போது மின்சாரம் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை தானாகப் படியோரக் கைப்பிடியைத் தேடும். அந்தக் கைப்பிடி உங்களைத் தூக்கிச் செல்வதில்லை, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. அதை நம்ப முடிவதற்குக் காரணங்கள் மூன்று: நடுவில் அறுபடாமல் வாசல் வரை வருகிறது, பிடித்தால் ஆடுவதில்லை, அதை ஒட்டி உடல் போவதற்கு எங்கும் இடம் இருக்கிறது.

வழிகாட்டிக் கயிற்றுக்கும் இந்த மூன்றும் வேண்டும். திறந்த தண்ணீரில் தொடங்கி நீங்கள் போகும் கடைசி இடம் வரை அறுபடாமல் வர வேண்டும். தொய்வில்லாமல் இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பின்தொடர முடிய வேண்டும். பிடித்து இழுத்து முன்னேறுவதற்கு அது கட்டப்படவில்லை. இழுத்தால் கட்டு கழன்று, கயிறு இடம் மாறிவிடும்.

தண்ணீர் தெளிவாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி வரும். மூடிய இடங்களின் தரையில் மிக நுண்ணிய வண்டல் படிந்திருக்கும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னை ஒரு முறை தவறாக அடித்தால் அது கிளம்பிவிடும். நீங்கள் காலை அசைக்காமல் இருந்தாலும், விடும் காற்றுக் குமிழிகள் கூரையில் மோதி அங்குள்ள வண்டலையும் துருவையும் உதிர்க்கும். சில நொடிகளில் டார்ச் வெளிச்சம் முகத்துக்கு முன்னாலேயே சிதறி, கையில் கட்டியிருக்கும் கேஜைக்கூட (அளவுமானி) படிக்க முடியாமல் போகலாம். அந்த வண்டல் அடங்க மணிக்கணக்கில் ஆகும், சிலிண்டரில் அவ்வளவு காற்று இருக்காது.

ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் நடந்த மரணங்களை 1970களில் ஆராய்ந்த குகை டைவர் ஷெக் எக்ஸ்லி, திரும்பத் திரும்ப வந்த காரணங்களில் முக்கியமான ஒன்றாகக் கண்டது, வெளித் தண்ணீர் வரை தொடர்ச்சியான கயிறு இல்லாததைத்தான். குகை டைவிங் பயிற்சியின் அடிப்படை விதிகள் அந்த ஆய்வின் மேல் எழுந்தவை.

ரீல், ஸ்பூல், கயிறு

பெரும்பாலும் பயன்படுவது பின்னல் நைலான் கயிறு, ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன். நைலான் தண்ணீரில் மெல்ல அமிழும். பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும், தொய்ந்தால் மேலே எழும்பி டைவரின் சிலிண்டர் வால்வைத் தேடி வரும். அதனால் அது இந்த வேலைக்கு ஆகாது. கப்பலின் கூர்மையான இரும்பு விளிம்புகளுக்கு இன்னும் தடிமனான கயிறு நல்லது.

கயிற்றில் 3 மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு வைப்பது வழக்கம். எத்தனை முடிச்சு வெளியே போயிருக்கிறது என்று எண்ணினால் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறோம் என்று தெரியும்.

ரீல் என்பது கைப்பிடியும் சுழலும் உருளையும் சுழற்சியைப் பூட்டும் திருகும் உள்ள கருவி. ஸ்பூல் என்பது அசையும் பாகமே இல்லாத வெறும் உருளை, விரலை நடுவில் விட்டுச் சுழலவிடுவது. உள்ளே போகும் குழுவின் முதன்மை ரீலில் 100 மீட்டர் அளவில் கயிறு இருக்கும். அதைத் தவிர ஒவ்வொருவரிடமும் ஏறக்குறைய 45 மீட்டர் கயிறுள்ள பாதுகாப்பு ஸ்பூல் ஒன்று தனியாக இருக்க வேண்டும். வழியைத் தொலைத்துவிட்டால் தேடுவதற்கு அதுதான் கருவி. தோழரிடம் இருக்கிறதே என்று நம்பக் கூடாது, வழியோடு தோழரையும் சேர்த்தே தொலைத்துவிடலாம்.

கட்டும் முறை

முதல் கட்டு திறந்த தண்ணீரில் விழ வேண்டும். அதாவது, அந்த இடத்திலிருந்து தலையை நிமிர்த்தினால் நேராக மேலே ஏற முடிய வேண்டும். கயிற்றின் நுனியில் ரீல் நுழையும் அளவுக்குப் பெரிய வளையம் இருக்கும். அசையாத பாறையையோ கப்பலின் உறுதியான சட்டத்தையோ சுற்றி வளையத்தைக் கொண்டுவந்து, அதற்குள் ரீலை நுழைத்து இறுக்கினால் கட்டு தயார். படகின் நங்கூரத்தில் கட்டக் கூடாது. நங்கூரம் இழுபடும், சில சமயம் மேலேயே போய்விடும்.

இரண்டாவது கட்டு வாசலுக்குச் சற்று உள்ளே. முதல் கட்டை அலையோ, தெரியாமல் வந்த வேறு டைவரோ கழற்றிவிட்டாலும் இது தாங்கும். பொருளை ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி, வந்த கயிற்றின் மேலேயே ரீலைக் குறுக்கே எடுத்துப் போனால் கயிறு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு திசை மாறும் இடங்களில் எல்லாம் ஒரு கட்டோ செருகலோ வேண்டும். செருகல் என்பது சுற்றாமல், ஒரு பாறை விளிம்புக்கு அடியிலோ பக்கத்திலோ கயிற்றைத் தங்க வைப்பது. நேர்ப் பாதையில் ஒவ்வொரு முட்டிலும் கட்டிக்கொண்டே போக வேண்டாம். கட்டுகள் கூடினால் வெளியே வரும்போது அவிழ்க்கும் நேரமும் கூடும்.

ரீலைச் சுழலவிடும்போது ஒரு விரல் உருளையின் விளிம்பை மெதுவாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த விரல்தான் பிரேக். அது இல்லாமல் சட்டென்று நின்றால் உருளை தொடர்ந்து சுழன்று, தளர்ந்த கயிறு குருவிக்கூடாகப் பின்னிக்கொள்ளும். கட்டுப் போடும் ஒவ்வொரு முறையும் கயிறு விறைப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடி. பின்னால் வரும் தோழரும் சும்மா வரக் கூடாது. கட்டின் மேல் வெளிச்சம் காட்டுவதும், தொய்வைக் கண்டால் சொல்வதும் அவர் வேலை.

கயிற்றுப் பொறி: கண்ணுக்குத் தெரியாத தவறு

புதியவர்களுக்கு விளங்காமலே போகும் பகுதி இது. உள்ளே போகும்போது அகலமான பாதையில் நீந்தி, வலது பக்கம் திரும்புகிறீர்கள். திருப்பத்தில் கட்டவில்லை. விறைப்பான கயிறு என்ன செய்யும்? உங்களைப் போல வளைந்து வராது, இரண்டு கட்டுகளுக்கு நடுவே நேர்க்கோட்டைத் தேடும். வலது சுவரை நோக்கிச் சரிந்து, அங்கே பாறைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் உயர இடுக்கு இருந்தால் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை பாதகமில்லை. கயிறு இடுக்குக்குள் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்து, நீங்கள் பாதையில் சுற்றி வந்துவிடுவீர்கள். வண்டல் கிளம்பிய பிறகு கை மட்டும்தான் கண். கை கயிற்றைத் தொடர்ந்து இடுக்குக்குள் போகும், தோள் போகாது. வெளியே போகும் வழி ஒரு சாண் உயரத்தில் கையில் தட்டுப்படும், உடல் நுழையாது. கயிறு நுழைந்து ஆள் நுழைய முடியாத இப்படிப்பட்ட இடத்துக்குப் பெயர் கயிற்றுப் பொறி.

தடுக்கும் வழி எளிது, பழக்கம்தான் வர வேண்டும். திருப்பம் வரும் முன்பே நின்று பாருங்கள். இங்கிருந்து கயிறு விறைத்தால் எந்தச் சுவருக்குப் போகும்? அங்கே இடுக்கு இருக்கிறதா? இருந்தால் எதிர்ச் சுவரில் ஒரு கட்டுப் போட்டுக் கயிற்றைப் பாதையின் திறந்த பக்கத்திலேயே நிறுத்துங்கள். போட்டு முடித்ததும் ஒரு முறை திரும்பிப் பார்த்து, இதைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி வர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றினால் அந்தக் கட்டை அவிழ்த்து மாற்றிப் போடுங்கள். ஒரு நிமிடக் காற்று செலவாகும், ஆகட்டும்.

இதுவரை பார்த்தது: கயிறு இருப்பதும் கயிற்றைப் பின்தொடர முடிவதும் ஒன்றல்ல. திறந்த தண்ணீரில் முதல் கட்டு, வாசலுக்குள் இரண்டாவது, திருப்பங்களில் பொறி விழாமல் கட்டு, எல்லா இடத்திலும் விறைப்பு.

கண் தெரியாமல் போனால்

வண்டல் கிளம்பினால் முதல் வேலை கயிற்றைப் பிடிப்பது. கயிற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தே நீந்த வேண்டும் என்பது இதற்காகத்தான். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக்கி அதற்குள் கயிறு ஓடும்படி தளர்வாகப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் இழுப்போம். வழியில் கட்டு வந்தால், மறு கை கட்டைத் தாண்டி அடுத்த பக்கக் கயிற்றைப் பிடித்த பிறகே முதல் கையின் வளையத்தைத் திறக்கலாம்.

இந்தச் சின்ன ஒழுங்குக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகை மீட்பு காட்டியது. சிறுவன் ஒருவனை வெளியே கொண்டுவந்த டைவர் கலங்கிய நீரில் கயிற்றைக் கைநழுவ விட்டுவிட்டார். துழாவியபோது கையில் பட்ட மின்கம்பியைப் பிடித்துத்தான் பாதுகாப்பான ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவ்வளவு தேர்ந்தவர்களுக்கே நடக்கக்கூடியது இது.

தோழருடன் பேச்சு தொடுதலில்தான். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரின் காலையோ கையையோ பிடித்திருப்பார். முன்னே தள்ளினால் போ, அழுத்திப் பிடித்தால் நில், பின்னே இழுத்தால் திரும்பி வா. குழுவுக்குக் குழு இது கொஞ்சம் மாறும், ஆகவே தண்ணீரில் இறங்கும் முன்பே கரையில் நின்று பேசி முடித்துவிட வேண்டும்.

நிரந்தரக் கயிறு உள்ள குகைகளில் இரண்டு வகை அடையாளங்களைப் பார்ப்பீர்கள். அம்பு, பக்கத்திலுள்ள வாசலின் திசையைக் காட்டும். வட்ட வில்லை திசை காட்டாது, யாரோ இந்த வழியாக உள்ளே போயிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லும். தடவினாலே வித்தியாசம் தெரியும். அம்பு காட்டும் வாசல் நீங்கள் நுழைந்த வாசலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, இதை மறந்தவர்கள் காற்றுக் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

திரும்பச் சுற்றுதல்

சுற்றி எடுப்பது என்றால் நீங்கள் வெளியேறும் வழியை நீங்களே உங்களுக்குப் பின்னால் கலைத்துக்கொண்டு வருவது. அதனால் வரிசை மாறவே கூடாது. ரீல் வைத்திருப்பவர் உள்ளே போகையில் முதல் ஆள், வெளியே வருகையில் கடைசி ஆள். சுற்றப்படும் கயிற்றுக்குப் பின்னால் ஒருவர்கூட இருக்கக் கூடாது. திரும்பும் சைகை வந்ததும் அனைவரும் தனக்கு முன்னால் இருக்கிறார்களா என்று ரீல்காரர் எண்ணிப் பார்த்த பிறகே கைப்பிடியைச் சுழற்ற வேண்டும்.

கயிற்றை ரீலுக்கு இழுக்காதீர்கள், ரீல்தான் கயிற்றை நோக்கிப் போக வேண்டும். நீந்தும் வேகமும் சுற்றும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீச்சல் முந்தினால் கயிறு தொய்ந்து முழங்காலுக்கும் ஃபின்னுக்கும் கீழே வளைய வளையமாகத் தொங்கும். சுற்றுவது முந்தினால் முன்னாலுள்ள கட்டை இழுத்துக் கழற்றிவிடும். அப்போது அதுவரை நல்ல இடத்தில் இருந்த கயிறு சரிந்து, முன்னே போகும் தோழருக்குக் கயிற்றுப் பொறியாகிவிடும்.

கட்டை அவிழ்ப்பதில் தோழர் கைகொடுப்பார். அவர் முதலில் கட்டுக்கு வந்து, சுற்றை அவிழ்த்து, கயிற்றை அதே இடத்தில் கையால் விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருப்பார். ரீல்காரர் அவர் கை வரை சுற்றிக்கொண்டு வந்ததும்தான் விடுவார். அவிழ்த்துவிட்டு முன்னே போய்விட்டால் தொய்வு முழுவதும் ரீல்காரர் மேல் விழும்.

சுற்றும்போது கயிற்றை விரலால் இடமும் வலமுமாக நகர்த்தி உருளை முழுக்கப் பரவலாகச் சேர்க்க வேண்டும். ஒரே பக்கம் குவிந்தால் அந்தக் குவியல் சரிந்து, கயிறு உருளைக்கும் ரீலின் சட்டத்துக்கும் நடுவே விழுந்து சிக்கும். சிக்கினால் பலமாகத் திருகாதீர்கள், இன்னும் இறுகும். பூட்டுத் திருகைத் தளர்த்தி, கயிற்றை வந்த வழியே சற்றுப் பின்னிழுத்துப் பாருங்கள். சில நொடிகளில் விடுபடாவிட்டால் மீதிக் கயிற்றை ரீலின் மேலேயே கையால் சுற்றிக்கொண்டு வரலாம்.

அடுத்தவர் கயிற்றை எடுக்கவே கூடாது. பழையதாக, கைவிடப்பட்டதாகத் தோன்றினாலும் அதன் மறுமுனையில் ஆள் இருக்கலாம்.

விட்டு வர வேண்டிய நேரம்

ரீலுக்குக் கொடுத்த பணத்தை நினைத்து அதை விடாமல் பிடித்துக்கொள்வது மனித இயல்பு. அந்த இயல்பைப் பயிற்சியால் மாற்றியே தீர வேண்டும். கண் தெரியாமல் போனாலோ, யாருக்காவது காற்று குறைந்தாலோ, தோழர் காணாமல் போனாலோ, சுற்றுவது அங்கேயே நின்றுவிட வேண்டும். ரீலைப் பூட்டி, முடிந்தால் ஒரு பாறையில் விறைப்பாகச் சுற்றி வைத்துவிட்டுக் கயிற்றைத் தொட்டபடி வெளியே வாருங்கள். பூட்டாமல் விட்டால் கயிறு கழன்று, அடுத்தவர் கையில் தொய்வாகப் போய்ச் சேரும். தோழர் காணாமல் போயிருந்தால் கயிற்றை எடுப்பது அவருடைய வழியையே எடுப்பதாகும்.

விட்ட கயிறு பிறகு வருபவர்களைச் சிக்க வைக்கும், அதனால் வேறொரு நாள் முழுக் காற்றுடனும் திட்டத்துடனும் போய் எடுக்க வேண்டும்.

சிக்கிக்கொண்டால், தொலைத்துவிட்டால்

கயிறு பெரும்பாலும் சிக்குவது ஃபின் பக்கிளிலும் சிலிண்டர் வால்விலும். பின்னால் ஏதோ இழுக்கிறதென்று உணர்ந்ததும் காலை நிறுத்துங்கள். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றும், திரும்பினால் கயிறு உடலைச் சுற்றிக்கொள்ளும். அப்படியே சற்றுப் பின்வாங்கித் தளர்த்தி, டார்ச்சால் தோழரைக் கூப்பிட்டால் அவர் நொடியில் எடுத்துவிடுவார். வெட்டுவது கடைசி வழி. வெட்டும் முன் வாசல் பக்கக் கயிறு கையில் இருக்க வேண்டும், வெட்டியதும் விறைப்பு போய் அந்த முனை நழுவி மறைந்துவிடும். பின்னால் ஆட்கள் இருந்தால் பாதுகாப்பு ஸ்பூலால் இரண்டு முனைகளையும் இணைத்துக் கட்டியே ஆக வேண்டும்.

கயிற்றைத் தொலைத்துவிட்டால் நீந்தித் தேடாதீர்கள். நிற்கும் இடம்தான் உங்களுக்குத் தெரிந்த ஒரே இடம். அங்கேயே பாதுகாப்பு ஸ்பூலை ஏதாவது அசையாத பொருளில் கட்டுங்கள். கயிறு எந்தப் பக்கம் இருக்கும் என்று நினைக்கிறீர்களோ அந்தப் பக்கம், ஒரு கையை மேலும் கீழும் வீசியபடி மெதுவாகப் போங்கள். கிடைக்காவிட்டால் ஸ்பூல் கயிற்றைப் பிடித்துத் திரும்பி வந்து வேறு திசையில் போங்கள். கிடைத்ததும் ஸ்பூலை அதில் கட்டி, அம்பைத் தடவி வாசல் எந்தப் பக்கம் என்று உறுதி செய்த பிறகு நகருங்கள்.

காற்றுக் கணக்கு

மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அலகு) இருந்தால், மூன்றால் எளிதாக வகுபடும் 180 என்று கணக்கில் எடுத்துக்கொண்டு, 60 பார் செலவானதும், அதாவது கேஜ் 140 காட்டும்போது திரும்ப வேண்டும். குழுவில் யாருடைய எல்லை முதலில் வருகிறதோ அப்போது எல்லாரும் திரும்புவார்கள். சிலிண்டர்கள் வெவ்வேறு அளவு என்றால் பாரில் கணக்கிட்டால் தப்பாகும், லிட்டரில் கணக்கிட வேண்டும். 12 லிட்டர் சிலிண்டரில் 60 பார் என்றால் 720 லிட்டர்.

கயிற்றைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவதற்கு வெறுமனே நீந்தி வருவதைவிட அதிக நேரம் பிடிக்கும். தடவிக்கொண்டு வருவதற்கு இன்னும் அதிகம். மூன்றில் ஒரு பங்கு என்பது நிம்மதியாக எல்லாம் நடந்தால் போதுமான அளவு, கட்டுகள் அதிகமுள்ள பாதையில் அதைவிடச் சீக்கிரமே திரும்பிவிடுவது நல்லது.

திறந்த தண்ணீரிலும்

கலங்கிய தண்ணீரில் நங்கூரத்துக்குத் திரும்பி வரவும், தொலைந்த பொருளைச் சுற்றுவட்டமாகத் தேடவும் இதே ரீல்தான். மேலே வரும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவையை விடும்போது மட்டும் ஒன்று கவனம்: ஸ்பூலின் கொக்கியை உடலில் மாட்டாதீர்கள். கயிறு சிக்கினால் மிதவை உங்களையும் சேர்த்து மேலே இழுத்துவிடும், வேகமாக ஏறுவது நுரையீரலுக்கு ஆபத்து. சிக்கியதும் கையிலிருந்து விட்டுவிடுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

நல்ல தண்ணீரில் அலசுங்கள். கயிற்றை முழுதாக வெளியே எடுத்து, விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அங்கே பின்னல் அறுந்திருக்கிறது, அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்டாதீர்கள், நடுவில் வரும் முடிச்சு தூரக் கணக்கைக் குழப்பும். நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பச் சுற்ற வேண்டும். புதுக் கயிறு என்றால் முதலில் ஊறவைத்துக் காயவிட்டு, பிறகு 3 மீட்டர் முடிச்சுகளை அளந்து போடுங்கள். நைலான் முதல் நனைப்பில் சுருங்கும்.